கரையோரக் கல்லறைகளுக்காக மனு கொடுக்க எந்த அலுவலகம் தேவலை?

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோர ஊர்கள் பலவற்றில் சீமைக்கருவேலம் மூடிய மையவாடியோ (முஸ்லிம்கள் அடக்கத்தலம்) கல்லறைத் தோட்டமோ இடுகாடோ ஒன்று கிடக்கும். புதைப்பது நின்றுபோனதால் கேட்க ஆளில்லாத இடங்கள். அவற்றுக்காக மனு எழுதப் போகிறவருக்கு அரசுச் சேவைகளில் எது கைகொடுக்கும், எது அலைக்கழிக்கும் என்று பார்ப்போம்.

இருப்பதிலேயே உருப்படியானது, ஒரு பைசா வாங்காத இ-சேவை நிலப்பதிவு இணையதளம்தான். பத்துக்கு எட்டு. மனு எழுதும் முன்பே சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் (சர்வே எண்வாரியாக நில விவரம் சொல்லும் பதிவேடு) புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) எடுத்துவிட வேண்டும். பதிவேட்டில் பலரும் பரப்பைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். பார்க்க வேண்டியது கடைசிக் கட்டமான 'குறிப்பு'. அங்கே இடுகாடு, சுடுகாடு, கபர்ஸ்தான் என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது. வெறும் 'தரிசு' என்றிருந்தால் யாருக்காவது ஒப்படையாக, அதாவது அரசு நிலத்தை ஒதுக்கிக் கொடுப்பதாக, போய்விடும் ஆபத்து உண்டு. தனியார் பெயரில் பட்டா இருந்தால் வழியே வேறு. ராமநாதபுரம் ஜமீன் நிலமெல்லாம் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு புதிதாக அளந்து வகைப்படுத்தப்பட்டவை. 1979இல் தொடங்கிய யுடிஆர் பணியிலும், அதாவது நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த பணியிலும், பெயர்கள் மாறின. ஏற்கெனவே கைவிடப்பட்டுக் கிடந்த இடுகாட்டுக்காக அந்த இரண்டு முறையும் வந்து பேச ஆள் இருந்திருக்காது. யுடிஆர் தவறு என்றால் மனு போக வேண்டியது மாவட்ட வருவாய் அலுவலருக்கு. ஊராட்சியில் மன்றாடிப் பயனில்லை.

இன்னொன்று: ஊரில் சென்ட் கணக்கு, பதிவேட்டில் ஹெக்டேர்-ஏர் கணக்கு. ஒரு ஏர் என்பது ஏறக்குறைய 2.47 சென்ட். மனுவில் 'சுமார் ஐம்பது சென்ட்' என்று எழுதி, பதிவேட்டில் 0.12.50 என்று இருந்தால் 'விவரம் ஒத்துவரவில்லை' என்று மனு திரும்ப அதுவே போதும். அப்படியே பதிவேட்டில் உள்ளபடி எழுதுங்கள்.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள், எந்த மாவட்டமானாலும், நல்ல தபால்காரர்; அவ்வளவுதான். மனு எண் கிடைக்கும், சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். 'பழமையான கல்லறைகளைப் பாதுகாக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதினால் அது எந்தத் துறை என்று யாருக்கும் புரியாது. சுற்றிவிட்டுக் கடைசியில் விஏஓ மேசைக்கு வந்து முடித்துவைக்கப்படும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை. எல்லை அளந்து கல் நடத் தாசில்தாருக்கு. ஆக்கிரமிப்பு இருந்தால் 1905ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கக் கேட்டு, அதுவும் அவருக்கே, ஆனால் தனி மனுவாக. முள் வெட்ட வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (பிடிஓ). 1100 உதவி எண்ணை மனுவின் நிலை கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபைக்குத்தான் உண்மையான பலம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி இடுகாடு, சுடுகாடு பராமரிப்பு ஊராட்சியின் கட்டாயக் கடமை, கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாயால் பேசிவிட்டு வந்தால் காற்றோடு போயிற்று. சர்வே எண்ணோடு தீர்மான வாசகத்தை எழுதிக்கொண்டு போய், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டே எழுந்திருக்க வேண்டும். கீழக்கரை, ராமேஸ்வரம் நகராட்சிகள். தொண்டி, மண்டபம் பேரூராட்சிகள். அங்கெல்லாம் கிராம சபை கிடையாது, மன்றத் தீர்மானம்தான். மையவாடி வக்ஃபு சொத்தாகவோ தோட்டம் மறைமாவட்டச் சொத்தாகவோ இருந்தால் ஜமாஅத் அல்லது பங்கின் ஒப்புதல் கடிதத்தை முதலிலேயே இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதைச் சொல்லியே கோப்பு நிற்கும்.

தீர்மான வாசகத்தில் ஒரு வரி மறக்கவே கூடாது: 'ஆள் வைத்து வெட்ட வேண்டும், ஜேசிபி இறக்கக் கூடாது.' கருவேலத்தை ஏலம் எடுத்தவருக்குத் தூரிலும் காசு இருக்கிறது. வாளி ஒரு தரம் இறங்கினால் போதும், மீசான் கல்லும் (முஸ்லிம் கல்லறைத் தலைமாட்டுக் கல்) சிலுவையும் மண்ணோடு மண்ணாக ஓரத்தில் குவிந்துவிடும். முள்ளை விட முள் வெட்டும் வேலைதான் கல்லறைகளுக்கு எமன். வெற்றிடத்தில் தூரை ஒரு அடி ஆழத்துக்குத் தோண்டி எடுக்கலாம். தரையோடு வெட்டினால் மறு மழையில் தளிர்க்கும். கல்லறையை ஒட்டிய தூரைக் கடப்பாரையால் நெம்பாமல், தளிர்க்கத் தளிர்க்கக் கிள்ளிச் சாகடிப்பதே சரி.

அடுத்த தொல்லை, நல்லெண்ணத்தோடு வரும் சிமென்ட். இந்தக் கரையின் பழைய கட்டுமானம் பவளக் கல்லும் சுண்ணாம்பும்; தனுஷ்கோடி தேவாலயச் சுவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புக் காற்றின் ஈரம் சுண்ணாம்பு வழியே வெளியேறும். மேலே சிமென்ட் பூசினால் உப்பு உள்ளேயே படிகமாகிக் கல்லை உதிர்க்கும். பெயின்ட்டும் அதே கேடுதான். விழுந்த கல்லையே திரும்ப வையுங்கள். கடலிலிருந்து பவளக் கல் எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சுற்றுச்சுவர் கேட்காதீர்கள். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் வந்து நிற்கும், கோப்பு அங்கேயே தூங்கும். எல்லைக் கல்லும் கிளுவைப் போத்து வேலியும் கேட்டால் செலவும் குறைவு, மறுக்கக் காரணமும் குறைவு.

தொல்லியல் துறையிடம் 'பாதுகாக்கப்பட்ட சின்னம்' கேட்பது கடைசி. பழமைக்குச் சான்று வேண்டும்; கல்லறை எழுத்து இருந்தால் நல்லது. எழுத்துகளை மாவு தடவிப் படிக்காமல், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். மத்திய தொல்லியல் துறையின் சின்னமானால் சுற்றி 100 மீட்டர் கட்டடத் தடை, அதற்கு மேல் 200 மீட்டர் அனுமதிக் கட்டுப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் முதல் நாளே எதிர்ப்பார்கள். ஓரிரு அரிய இடங்களுக்கே இது தகும்.

மனு நகரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். 'இன்ன எண் மனுவின் கோப்புக் குறிப்புகளின் நகல், நில அளவர் தல ஆய்வு அறிக்கையின் நகல்' என்று கேளுங்கள். ஆய்வே நடக்காமல் முடித்துவைக்கப்பட்டிருந்தால் அந்தப் பதிலை இணைத்து வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்டிஓ) மேல்மனு போடலாம்.