ரோலண்ட் 808, 909: பாஸுக்கு இடம் விடும் கிக் எது?

கணினியின் துணையில்லாமல் டிரம் மெஷின், சிந்தசைசர், மிக்சர் ஆகியவற்றை மட்டும் வைத்து நடன இசை அமைப்பவர், 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகளின் அடித்தளத்தைக் கிக்கிடம் (டிரம்மின் கனமான அடி) ஒப்படைப்பதா, பாஸிடம் (தாழ்ந்த சுரங்களின் வரி) ஒப்படைப்பதா என்பதை முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ரோலண்ட் நிறுவனம் 1980-இல் வெளியிட்ட டிஆர்-808, 1983-இல் வெளியிட்ட டிஆர்-909 ஆகிய இரண்டு டிரம் மெஷின்களும் இந்த விஷயத்தில் எதிரெதிர்த் திசைகளில் செல்கின்றன. அசல் கருவிகளின் உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டாலும், டிஆர்-8எஸ் போன்ற இன்றைய இயந்திரங்களில் இரண்டு கிக்குகளும் அருகருகே கிடைப்பதால், எதை எப்போது எடுப்பது என்ற கேள்வி இன்னும் பழசாகவில்லை.

808-இன் கிக்கில் தொடர்ந்து ஓடும் ஆஸிலேட்டர் (அலையை உருவாக்கும் சுற்று) கிடையாது. ஒரு மின்துடிப்பு சுற்றைத் தட்டிவிட, தட்டப்பட்ட மணியைப் போல அது தானே அதிர்ந்து தானே அடங்குகிறது. முதல் சில மில்லி வினாடிகளில் மட்டும் உயர்ந்து நிற்கும் சுருதி, சட்டென இறங்கி ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில் நிலைக்கிறது. பிறகு கேட்பதெல்லாம் அநேகமாகத் தூய சைன் அலைதான். ஒலி அடங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டிகே குமிழை முழுமையாகத் திருப்பினால் அந்த அலை நீண்டு ஒலித்து, தானே ஒரு பாஸ் சுரமாகிவிடும். அதன் அழகும் அதன் தொல்லையும் இந்த நீட்சியில்தான் இருக்கின்றன. அசல் 808-இன் கிக்கில் சுருதியை மாற்றும் குமிழ் இல்லாததால், பாஸ்தான் கிக்குக்கு ஏற்பச் சுருதி சேர வேண்டும். தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ். கிக் இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றுகொண்டிருக்க, பாஸ் ஏ-யில் நீடித்தால், இரண்டும் உரசிக்கொள்ளும் மெதுவான அலைவு ஒலிபெருக்கியில் தெளிவாகவே தெரியும்.

909-இன் கிக் வேறு முறையில் உருவாகிறது. அதில் உண்மையான ஆஸிலேட்டர் இருக்கிறது. அதன் முக்கோண அலை சைன் வடிவத்துக்கு மழுக்கப்பட்டு, சுருதியை நேரத்துக்கேற்ப மாற்றும் தனி என்வலப்பின் வழியாக மேலிருந்து கீழாகச் சறுக்குகிறது. தொடக்கத்தில் ஒரு சிறு கிளிக்கும் இரைச்சலும் சேர்கின்றன. டியூன் என்று பெயரிட்ட குமிழ், பெயருக்கு மாறாக, கிக் இறுதியில் வந்து நிற்கும் சுரத்தை மாற்றுவதில்லை. சுருதி சறுக்கும் விதத்தைத்தான் மாற்றுகிறது. அதைத் திருப்பினால் நெஞ்சில் குத்தும் அந்த முதல் அடி நீள்கிறது அல்லது குறுகுகிறது. கிக்கின் ஆற்றலில் பெரும்பங்கு 50 ஹெர்ட்ஸுக்கு மேலேயே செலவாகிவிடுவதால், அடியில் பாஸுக்கு இடம் மிஞ்சுகிறது.

நிமிடத்துக்கு 125 அடிகள் என்ற வேகத்தில் கணக்கிட்டால் வேறுபாடு தெளிவாகும். ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் இடையே 480 மில்லி வினாடிகள் உள்ளன. இரண்டுக்கும் நடுவில் விழும் பாஸ் சுரம் 240-ஆவது மில்லி வினாடியில் தொடங்கும். டிகேயைக் குறைத்து வைத்த 909 அதற்குள் அடங்கிவிடும். நீளமாக வைத்த 808 அப்போதும் ஒலித்துக்கொண்டிருக்கும். ஆகவே பாஸை ஒவ்வொரு கிக்குக்கும் தணிக்கும் சைட்செயின் வசதியுள்ள கம்ப்ரஸர் தேவைப்படும். சிறிய மேசை அமைப்புகளில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. கைவசம் கம்ப்ரஸர் இல்லாதவருக்கு 909-ஐயே தயங்காமல் பரிந்துரைப்பேன்.

ஆனால் எந்த பாஸ் சிந்தசைசரோடு சேர்க்கிறோம் என்பது இந்த முடிவைத் தலைகீழாக்கிவிடக்கூடும். 909-ஐ வடிவமைத்த தடாவோ கிகுமோட்டோவே உருவாக்கிய டிபி-303 என்ற பாஸ் சிந்தசைசரை எடுத்துக்கொள்வோம். அதன் ஃபில்டரில் (ஒலியைச் சலிக்கும் சுற்று) குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணைத் தூக்கிக் காட்டும் ரெசனன்ஸை ஏற்ற ஏற்ற, ஃபில்டரின் முனகல் முன்னால் வந்து அடிப்பகுதி மெலிந்துபோகும். அந்த வெற்றிடத்தை நடுத்தர டிகே உள்ள 808 மிக நன்றாக நிரப்பும்; 303-இன் அந்த முனகலை மையமாகக் கொண்ட சிகாகோ ஆசிட் பாணியில் இசையமைப்பவர் இந்த இணையை ஒருமுறையாவது முயன்று பார்க்க வேண்டும். மாறாக, மோக் மினிடோர் போன்று தாழ்சுரங்களில் தடிமனாக ஒலிக்கும் கருவி பாஸ் வாசிக்கும்போது 808-ஐ நீளவிடுவது வீண் சண்டை. அங்கே 909-இன் டிகேயைக் குறைத்து, அடியின் தொடக்கக் கூர்மையான அட்டாக்கைச் சற்றே ஏற்றினால் போதும்.

சிறிய ஒலிபெருக்கிகளில் 808 பெரும்பாலும் காணாமலே போய்விடும். மிக்சரில் அதற்கென ஒரு தனி சேனலை ஒதுக்கி, உள்வரும் ஒலியைப் பெருக்கும் கெயினைச் சற்று மிகையாக ஏற்றினால் 100, 150 ஹெர்ட்ஸ்களில் மேலொலிகள் பிறந்து கிக் மீண்டும் காதில் படும்; 909-க்கு அதன் கிளிக்கே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மெதுவான ஹிப் ஹாப் தாளத்தில், தனி பாஸ் வரியே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டால் மட்டும் 909-ஐ யோசிக்கவே தேவையில்லை: டிகேயை முழுமையாகத் திறந்துவிட்ட 808 ஒன்றே கிக்காகவும் பாஸாகவும் நிற்கும்.