ஆரியங்காவில் கார் நின்றுவிட்டால் இழுவை வண்டி விஷயத்தில் ஏமாறாதீர்கள்

தென்காசி, செங்கோட்டைப் பக்கமிருந்து ஆட்டோமேட்டிக் காரில் கொல்லம், புனலூர் போய்வருகிறவர்கள் இதைப் படித்துவிட வேண்டும். எனக்கு 7,500 ரூபாயோடு கியர்பாக்ஸும் போனது.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, புனலூரில் சித்தி வீட்டிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தின் கண்களை அம்மா வழக்கம்போல ஒன்று விடாமல் எண்ணி முடித்தாள். கொஞ்ச தூரத்தில் எஞ்சின் சூடு எகிறிவிட்டது. ஆரியங்காவுக்கு முன்னால் ஒரு டீக்கடை முற்றத்தில், மண்மேட்டைப் பார்த்தபடி காரை நுழைத்து நிறுத்தினேன். ரேடியேட்டர் குழாய் வாய் பிளந்திருந்தது. அவ்வளவுதான் கோளாறு. 1,000 ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை.

கடைத் தூணில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தேன். நான்கு சக்கரமும் மேலே ஏறுகிற பிளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். "உண்டு சாரே" என்றார்கள். தென்காசி வரை 5,500 ரூபாய் என்று பேச்சு.

ஒன்றரை மணி நேரம் கழித்து வந்ததோ, பின்னால் கொக்கியும் தூக்கு சட்டமும் உள்ள பழைய வண்டி. காரின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கும். மறுபக்கம் தரையில் உருண்டுவரும். கேட்டதற்கு, "அந்த வண்டி வேறு ஓட்டத்தில் இருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றுதான். குழப்பமில்லா சாரே" என்றார் ஓட்டுநர். சிக்கல் ஒன்றுமில்லை என்பதைத்தான் மலையாளத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழில் பார்த்தாலும் அவர் சொன்னது சரிதான்: அவருக்குக் குழப்பமே இல்லை. கார் மூக்கை மேட்டுக்குள் வைத்து நின்றிருந்தது. அதைத் திருப்பச் சோம்பல்பட்டு, சாலைப் பக்கம் தெரிந்த பின்பகுதியிலேயே கொக்கியை மாட்டினார். கியரை நியூட்ரலில் போட்டார். ஸ்டீயரிங் திரும்பாமலிருக்க சீட் பெல்ட்டை இழுத்து அதைச் சுற்றிக் கட்டினார். அந்த நேர்த்தியைப் பார்த்து, தொழில் தெரிந்த ஆள் என்று நான் நம்பியதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

என் கார் முன்சக்கரங்களால் ஓடுவது. பின்பகுதியைத் தூக்கினால் அந்த முன்சக்கரங்கள்தான் வழி முழுக்கத் தரையில் சுற்றும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெயைச் சுழற்றும் பம்ப், எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சின் நின்றிருக்கையில் சக்கரம் மட்டும் சுற்றினால், உள்ளே பாகங்கள் எண்ணெய் ஓட்டமின்றி உரசித் தேயும். நியூட்ரலில் போட்டுவிட்டால் தப்பிவிடலாம் என்பது சும்மா. சாதாரண கியர் வண்டியைப் பலரும் அப்படி இழுத்துப் போவதால், இதற்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த விவரமெல்லாம் காரோடு கொடுத்த கையேட்டில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. கையேடு அன்றும் டேஷ்போர்டு அறையில்தான் கிடந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.

அம்மாவைக் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளச் சொன்னார் அந்த ஓட்டுநர். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. கொக்கி கழன்றால் மலைச் சரிவில் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. அம்மாவைத் தென்காசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் கேபினில் ஏறிக்கொண்டேன்.

கோட்டைவாசலுக்குப் பிறகு இறக்கம். எஸ் வளைவில் கார் பின்னால் ஆடிக்கொண்டே வந்தது. புளியரையில் நின்றபோது கருகல் வாடை. "நம் லாரி பிரேக்" என்றார் அவர். தென்காசியில் இறக்கியதும், மாநிலம் தாண்டியதற்கு என்று 2,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார். கொடுக்காமல் கொக்கியைக் கழற்ற மாட்டேன் என்றார். இரவு எட்டு மணி. கொடுத்தேன். ரசீது இல்லை, பணம் போனது யாரோ ஒருவருடைய கைபேசிக் கணக்குக்கு.

மறுநாள் பட்டறையில் குழாயை மாற்றினார்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. கியரை முன்னால் ஓட்டும் 'D' நிலையில் போட்டால் கார் நகரவில்லை. மெக்கானிக் கியர்பாக்ஸின் கீழ்த் தட்டைக் கழற்றினார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, கருகல் நாற்றம் அடித்தது. ஒரு சொட்டை என் விரலில் தேய்த்துக் காட்டினார். நறநறவென்று இரும்புத் தூள். "எந்தப் பக்கம் தூக்கினார்கள் அண்ணாச்சி?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. மதிப்பீடு 1,18,000 ரூபாய்.

பிளாட்பெட் என்று வாயால் கேட்டால் போதாது. வருகிற வண்டியின் படத்தை முன்கூட்டியே கைபேசியில் அனுப்பச் சொல்லுங்கள். வேறு வண்டி வந்தால் திருப்பி அனுப்புங்கள், இருட்டினாலும் பரவாயில்லை. வேறு வழியே இல்லையென்றால், முன்சக்கர இழுப்புள்ள காரில் முன்பக்கத்தைத் தூக்கச் சொல்லி, பின்சக்கரங்கள் உருளும்படி கைப்பிரேக்கை விடுவித்துவிடுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கிற கார் என்றால் கொக்கி வண்டியே ஆகாது. பிளாட்பெட்டில் ஏற்றினாலும், பட்டைகளைச் சக்கரங்களின் மேல் போட்டு நான்கு மூலையிலும் இறுக்குகிறார்களா என்று நின்று பார்க்க வேண்டும். காரை மேலே இழுக்கும் வின்ச் கம்பி இழுபடும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். காப்பீட்டில் சாலையோர உதவி சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். எனக்கு அது இருந்தது. அந்தப் பதற்றத்தில் நினைவே வரவில்லை.

இழுவை வண்டிக்காரர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேவை தந்தவர் கேரளத்தில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. டீக்கடைப் பையன் விளையாட்டாக எடுத்த ஒரு படம்தான் என் பலம். பின்பகுதி தூக்கியபடி கார், வண்டியின் எண், எல்லாம் அதில் தெளிவாக இருக்கிறது.

கருகிய எண்ணெயை ஒரு பாட்டிலில் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருக்கிறேன். நல்லெண்ணெய் என்று அம்மா எடுத்துவிடாமலிருக்க, மேலே "வழக்கு" என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.