அடையாறு பெண்கள் வரலாறு வாக், போலாமா?

கண்டிப்பா போலாம். கைடு அக்கா நல்லா படிச்சிட்டு வந்து பேசுறாங்க. 1904ல பெர்லின்ல பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஆரம்பிச்ச சர்வதேச கூட்டமைப்பு, கேரி சாப்மன் கேட் தான் முதல் தலைவர், இன்டர்நேஷனல் அலையன்ஸ் ஆஃப் விமன்னு இன்னிக்கும் நடக்குது, அதோட நம்ம ஊரு தொடர்ப அவங்க சொன்னப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு. 1917ல இதே அடையாறுல மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட்லாம் சேர்ந்து தொடங்கின இந்திய மாதர் சங்கம் அந்த கூட்டமைப்புல இணைஞ்சிருக்கு. 'ஸ்திரீ தர்மா'ன்னு அவங்க நடத்தின பத்திரிகையோட ஜெராக்ஸ லேமினேட் பண்ணி கையிலயே குடுத்தாங்க, இங்கிலீஷ் கட்டுரைங்களுக்கு நடுவுல தமிழ் பக்கமும் இருக்கு, எல்லாரும் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் வாங்கி படிச்சோம்.

1921லயே மதராஸ் மாகாணத்துல பெண்களுக்கு ஓட்டு வந்துடுச்சு, பிரான்ஸ்ல 1944 தான்! ஆனா இங்க சொத்து, வரின்னு தகுதி வெச்சதால ரொம்ப கொஞ்சம் பேருக்குதான் கெடச்சுது, அதையும் மறைக்காம சொன்னாங்க, அது எனக்கு ரொம்ப பிடிச்சுது.

முத்துலட்சுமி ரெட்டி பத்தி மட்டும் அவசரமா முடிச்சிட்டாங்க, 1927ல சட்டசபைக்கு போனவங்கள ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிக்கலாமா? பஸ் சத்தத்துல பின்னாடி நிக்கறவங்களுக்கு ஒண்ணும் கேக்கல, ஒரு மைக் வாங்குங்க ப்ளீஸ். காலேஜ் பொண்ணுங்கள கூட்டிட்டு போங்க, தண்ணி பாட்டில், தொப்பி கட்டாயம்.