கீசர் குழாய்க்கு எது: பி.வி.சி.யா, சி.பி.வி.சி.யா?

ஓசூர்ப் பக்கம் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து வெடிப்பதில்லை. மார்கழிக் குளிரில் இங்கே குழாயைக் கெடுப்பது கீசரின் வெந்நீர்தான். போன ஆண்டு எங்கள் வீட்டில் கீசரை ஒட்டிய எல்போ (குழாயை வளைத்து இணைக்கும் துண்டு) விடியற்காலையில் பிய்த்துக்கொண்டது. பக்கத்துக் குழாய், விரலால் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு இளகியிருந்தது. அது பி.வி.சி. என்னும் சாதாரண பிளாஸ்டிக் குழாய்.

வெப்பம்: பி.வி.சி. 60 டிகிரியை நெருங்கும்போதே தளர்ந்துவிடும். குளோரின் கூடுதலாகச் சேர்த்த பி.வி.சி.யான சி.பி.வி.சி. 93 டிகிரி வரை தாங்கும்.

விலை: பி.வி.சி. மலிவு. சி.பி.வி.சி. கூடுதல்தான், ஆனால் கீசருக்குத் தேவைப்படுவது சில அடிகளே; அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

வேலை: இரண்டையும் பசையால் ஒட்டலாம். பசை மட்டும் வேறு வேறு. கடையில் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

வெயில்: மொட்டைமாடியில் இரண்டுமே நாளடைவில் நொறுங்கும். பெயின்ட் அடித்துவிடுங்கள்.

கீசருக்குள் போகும் குழாய், வெளியே வரும் குழாய் இரண்டுக்கும் சி.பி.வி.சி.யே போடுங்கள், சூடு உள்வரும் குழாய்க்கும் ஏறும். தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் பி.வி.சி. போதும்.

உடைந்துவிட்டால் முதலில் கீசர் சுவிட்சை அணையுங்கள், அடுத்து மாடித் தொட்டியின் கேட் வால்வை மூடுங்கள். அந்த வால்வு துருப்பிடித்து இறுகாமல் திரும்புகிறதா என்று இன்றே பாருங்கள்.