புகையிலையா, சுண்ணாம்பா, கத்தியா: கேன்டர்பரியின் ஆட்டுச் சொறி எதற்குக் கேட்டது?

1850 டிசம்பரில் லிட்டல்டன் துறைமுகத்தில் வந்து இறங்கிய குடியேறிகள், இங்கிலாந்தின் நாட்டுப்புறம் ஒன்றைக் கோதுமை வயலும் தேவாலயமுமாக நியூசிலாந்தில் நட்டுவிடலாம் என்ற கனவோடு வந்தவர்கள். ஆனால் அவர்கள் குடியேறிய கேன்டர்பரி மாகாணத்துக்குக் காசு கொடுத்தது செம்மறி. நியூசிலாந்து முழுவதுமாக 1858-இல் சுமார் 15 லட்சம் ஆடுகள் இருந்தன. அது 1867-இல் 84 லட்சமானது. 1874-இல் 1 கோடியே 17 லட்சத்தையும் தாண்டிவிட்டது. இதில் கேன்டர்பரியின் பங்கு பெரிது.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் மந்தை செழித்துக் கொழித்தது போலத் தெரியும். ஆனால் அந்த ஆண்டுகளில் பண்ணைக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு சொறி. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலேறி வந்த ஆடுகளோடு வந்து சேர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில் ஒரு சிற்றுண்ணி, தோலின் மேலேயே குடியிருந்து சுரண்டிச் சுரண்டிப் புண்ணாக்கும். நீர் வடியும், பொருக்கு கட்டும், ஆடு வேலியிலும் கல்லிலும் உராய்ந்து கம்பளியைப் பிய்த்துக்கொள்ளும். கம்பளிக்காகவே வளர்க்கும் மெரினோ ஆட்டில் இது வந்தால் கதை முடிந்தது.

இந்த உண்ணியைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் விளங்கிவிடும். முட்டையிலிருந்து மறுபடி முட்டையிடும் பருவம் வரை ஏறக்குறைய இரண்டு வாரம். ஆட்டை விட்டு உதிர்ந்த பிறகும், முள்செடியில் சிக்கிய ஒரு கொத்துக் கம்பளியில், இரண்டு வாரம் போல உயிரோடு கிடக்கும். அந்தக் காலத்து மருந்து எதுவும் முட்டையைக் கொல்லாது. அதனால் ஆட்டை மருந்துத் தொட்டியில் ஒரு தடவை முக்கினால் போதாது. இடையில் ஏறக்குறைய ஒரு வாரமோ இரண்டு வாரமோ விட்டு மறுபடியும் முக்கியாக வேண்டும்.

சரி, எதில் முக்குவது?

புகையிலையும் கந்தகமும் கலந்த வெந்நீர் தான் பலரும் நம்பியது. ஐந்து காலன் தண்ணீருக்கு ஒரு பவுண்ட் புகையிலை, ஒரு பவுண்ட் கந்தகம் என்பது ஆஸ்திரேலியக் கணக்கு. கம்பளிக்குச் சேதம் குறைவு, அது பெரிய விஷயம். ஆனால் விலை? புகையிலைக்கு இறக்குமதித் தீர்வை உண்டு. ஆட்டுக்கு என்று வாங்கும் புகையிலைக்குத் தீர்வையைக் குறைத்தார்கள், ஆனால் யாரும் புகைத்துவிடாதபடி அதை முதலில் கெடுத்துத்தான் கொடுத்தார்கள். (மலைக்குடிசையில் தனியாகக் கிடந்த மேய்ப்பர்கள் அதையும் விட்டுவைத்திருப்பார்களா என்பது என் சந்தேகம்.) இதைவிடப் பெரிய தொல்லை விறகு. கேன்டர்பரி சமவெளி மரமே இல்லாத புல்வெளி. ஆயிரக்கணக்கான ஆடுகளுக்கு, அதுவும் இரண்டு தடவை, தொட்டித் தண்ணீரைச் சூடு ஆறாமல் வைத்திருக்க விறகை எங்கிருந்தோ வண்டி கட்டிக் கொண்டுவர வேண்டும்.

சுண்ணாம்பும் கந்தகமும் மலிவு. இரண்டையும் கொப்பரையில் போட்டுக் காய்ச்சினால் செம்பழுப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு கரைசல் வரும். உண்ணி சாகும், சந்தேகமே இல்லை. ஆனால் கம்பளி முரடாகி, பொலிவிழந்து, இழுத்தால் அறும். வாங்குபவர்கள் முகம் சுளிப்பார்கள். கம்பளி கத்தரித்த கையோடு, மயிர் குட்டையாக இருக்கும் கோடையில் முக்கினால் இந்தச் சேதம் பெரிதாகத் தெரியாது. ஆனால் சொறி தலைவிரித்தாடுவது குளிர்காலத்தில், கம்பளி நீண்டு வளர்ந்திருக்கும்போது. அப்போது சுண்ணாம்பில் முக்கினால் ஒரு வருட வருமானத்தை நீங்களே கையால் கெடுத்துக்கொள்கிறீர்கள். போதாததற்கு நனைந்த ஆடு குளிரில் விறைத்துச் சாகும்.

மூன்றாவது ஆர்செனிக். இங்கிலாந்தின் பெர்காம்ஸ்டெட் ஊரில் வில்லியம் கூப்பர் 1852-இல் விற்கத் தொடங்கிய பொடி ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது. காய்ச்சும் வேலை இல்லை, கரைத்தால் போதும். விறகில்லாத ஊருக்கு வரப்பிரசாதம் என்று தோன்றும். ஆனால் விஷம் விஷம்தான். முக்கி எடுத்த ஆட்டைச் சொட்டச் சொட்டப் புல்லில் விட்டால் அந்தப் புல்லைத் தின்ற ஆடு சாகும். அளவு தெரியாத கையில் இதைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

கடைசி வழி கத்தி. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 1860களில் இந்த வழியைத்தான் பிடித்தது: சொறி கண்ட மந்தையை வெட்டு, உரிமையாளருக்கு ஈடு கொடு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அங்கே சொறி ஏறக்குறைய ஒழிந்தது. கேட்கக் கொடூரமாக இருந்தாலும் வேகத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் ஆடு அருமையாக இருந்த 1850களின் கேன்டர்பரியில், கடன் வாங்கி மந்தை சேர்த்தவனிடம் போய் எல்லாவற்றையும் வெட்டு என்றால் அவன் கேட்பானா?

இதுவரை மருந்துகளை ஒப்பிட்டோம். உண்மையைச் சொன்னால், ஒழுங்காகச் செய்தால் புகையிலையும் கேட்கும், சுண்ணாம்பும் கேட்கும். தோற்ற இடம் தொட்டியே அல்ல, அதற்கு முன்னால் ஆட்டைத் திரட்டிக் கொண்டுவரும் இடம். மெரினோ ஆட்டுக்கு மலையேறும் புத்தி. நாய்களையும் ஆட்களையும் வைத்து நான்கு நாள் அலைந்து மந்தையைக் கீழே இறக்கினாலும், உச்சிப் பாறையில் பத்துப் பன்னிரண்டு ஆடு தங்கிவிடும். கீழே அத்தனையையும் இரண்டு தடவை முக்கி, கை வெந்து, முதுகொடிந்து, சுத்தம் என்று பெருமூச்சு விட்டு மேலே அனுப்புவார்கள். அங்கே அந்தப் பத்து ஆடு சொறியோடு காத்துக்கொண்டிருக்கும். மறுபடி முதலிலிருந்து.

அப்புறம் பக்கத்துப் பண்ணை. தொடக்கத்தில் வேலியே கிடையாது. எல்லைக் குடிசையில் ஒரு மேய்ப்பன், ஒரு குதிரை, நாய், அவ்வளவுதான். ஆறுகளை எல்லையாக நம்பினார்கள். வடக்கே ஹுருனுய் ஆற்றுக்கு அப்பால் நெல்சன் மாகாணம், சொறிக்குப் பேர்போனது. அந்த எல்லையைக் காப்பதே கேன்டர்பரிக்குப் பெரும் வேலை. ஆனால் பனி உருகும் வசந்தத்திலும் கோடையிலும் பொங்கும் இந்த ஆறுகள், குளிர்காலத்தில் வற்றிப் பல கிளையாகப் பிரிந்து ஓடும். சொறி மிஞ்சுகிற அதே பருவத்தில் எல்லை இளகிவிடும் என்பது அந்த நிலத்தின் குறும்பு. 1860களிலிருந்து கம்பி வேலி பரவியபோதுதான் மருந்துக்கே மதிப்பு வந்தது என்பேன்.

வேலியும், சொறி ஆட்டுக்கு அபராதம் போடும் சட்டமும் இருந்தும் மனசு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிளென்மார்க் பண்ணையின் ஜார்ஜ் ஹென்றி மூர் இருக்கிறார். மாகாணத்தின் பெரும்பணக்காரர்களில் ஒருவர். ஊர் வைத்த பெயர் ‘சொறி மூர்’. தன் வழியாக மற்றவர்கள் ஆடு ஓட்டிப் போய்ப் புல்லைத் தின்னக்கூடாது என்பதற்காகவே எல்லையோரம் சொறி ஆடுகளை வைத்திருந்தார் என்பது அக்காலத்து ஊர்ப்பேச்சு. அபராதம் கட்டினார், ஆனால் அபராதத்தைவிடப் புல் லாபம் என்று கணக்குப் போடுபவனை எந்தத் தொட்டியில் முக்குவது?

தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மருந்து அங்கேயும் ஏறக்குறைய இதே தான். ஆனால் நரிக்குப் பயந்து இரவில் ஆடுகளைப் பட்டியில் நெருக்கி அடைத்தார்கள். ஓர் ஆட்டுக்கு வந்தால் விடிவதற்குள் ஒன்பதுக்கு. வறட்சியில் மந்தைகள் ஊர் ஊராக நகர்ந்தன, தொட்டிக்கே தண்ணீர் இல்லை. 1886-இல் வந்த சொறிச் சட்டம் சில மாவட்டங்களோடு நின்றது. 1894-இல் அதை விரித்தபோது டச்சு வழிவந்த விவசாயிகள் பலர் கொதித்தெழுந்தார்கள். நியூசிலாந்தில் ஆட்டைத் தின்னும் நரி கிடையாது, பட்டியில் அடைக்கத் தேவையும் இல்லை. மாகாணங்கள் 1876-இல் கலைந்தபின், 1878-இன் ஆட்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே விதி என்றது. 1890களின் நடுப்பகுதிக்குள் நியூசிலாந்தில் சொறி ஒழிந்தும் போனது.

1862-இல் அந்தச் சமவெளியில் எனக்கு ஐயாயிரம் ஆடு இருந்திருந்தால், கையிலிருக்கும் காசில் முதல் பாதி ஆறில்லாத பக்கத்துக்குக் கம்பி வாங்கப் போயிருக்கும். மீதியில் கத்தரித்த வாரமே சுண்ணாம்பும் கந்தகமும், குளிர்காலத்துக்கென்று ஒதுக்கிவைத்த கொஞ்சம் புகையிலை. அதோடு, உச்சிப் பாறையில் நிற்கும் அந்தப் பத்து ஆட்டுக்காக ஒரு துப்பாக்கி.