நெட்வேர்க் திருத்த ஆள் கூப்பிடுகிற திருகோணமலைக்காரர்களுக்கு: சோதிக்காமலே சாமான் விற்கிறார்கள், கவனம்

கொம்யூனிகேஷன், போட்டோகொப்பிக் கடை, உப்புவெளிப் பக்கம் சின்ன விடுதி, ட்யூஷன் வகுப்பு என்று நாலைந்து கணினியை நம்பிப் பிழைக்கிற எல்லாரும் இதைத் தயவுசெய்து வாசியுங்கள். நெட்வேர்க் திருத்துகிறேன் என்று வந்த ஒருவர் என் கடையில் என்ன செய்துவிட்டுப் போனார் என்பதை விவரமாக எழுதுகிறேன். அவருடைய பெயரும் அவரை அனுப்பிய கடையின் பெயரும் இதில் வராது. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும். ஆனால் நாலு பேரிடம் பேசிப் பார்த்ததில், நிலாவெளி வரைக்கும் இதே மாதிரி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

என் கடை கடற்கரைக்குக் கிட்ட. ஐந்து கணினி, பிரிண்டராகவும் வேலை செய்கிற ஒரு பெரிய போட்டோகொப்பி இயந்திரம், ஃபைபர் இணைப்பு. நிறுவனம் தந்த ரௌட்டரிலிருந்து ஒரு எட்டுப் போர்ட் சுவிட்சுக்கு வயர் வந்து, அங்கிருந்து ஒவ்வொரு கணினிக்கும் பிரிகிறது. ஐப்பசி மழை தொடங்கிய நேரத்தில் உள்ளறைக் கணினியில் மட்டும் இணைப்பு விட்டுவிட்டு வரத் தொடங்கியது. மற்ற நாலும் ஒழுங்காக ஓடின. கைபேசிகளில் வைஃபையும் நன்றாக வந்தது. ஒன்லைன் விண்ணப்பம் நிரப்பப் பிள்ளைகள் வந்து நிற்கிற காலம் என்பதால் உடனே ஆள் தேடினேன். டவுனில் தெரிந்த ஒரு கணினிக் கடை மூலமாக இவர் வந்தார்.

வந்தவர் தன்னுடைய கைபேசியில் ஒரு வேகச் சோதனை போட்டுப் பார்த்தார். சுவிட்சைத் தொட்டுப் பார்த்தார். “அண்ணா, மின்னல் அடிச்சு ரௌட்டரும் சுவிட்சும் அடிபட்டிருக்கு. வயரும் பழசு. எல்லாம் மாத்தினாத்தான் சரி வரும்” என்றார். அந்த வாரம் இங்கே நல்ல இடி மின்னல், ஆகவே கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் கடையில் இருந்த எந்தக் கணினியின் முன்னாலும் அவர் உட்காரவில்லை. எந்த வயரையும் கழற்றி வேறு போர்ட்டில் குத்திப் பார்க்கவில்லை. கையில் கேபிள் டெஸ்டர் என்கிற, வயரைச் சோதிக்கும் சின்னக் கருவிகூடக் கொண்டுவரவில்லை.

புது ரௌட்டர், புது சுவிட்ச், அறுபது மீற்றர் கேபிள், கூலி எல்லாம் சேர்த்து 74,500 ரூபா. பில்லில் “நெட்வேர்க் திருத்தம், சாமான் உட்பட” என்று ஒரு வரி. பழைய சுவிட்சை “இது இனிக் குப்பைதான்” என்று சொல்லித் தன் பையில் போட்டுக்கொண்டு போனார்.

அடுத்த நாளிலிருந்து நிலைமை இன்னும் மோசம். முன்பு ஒரு கணினிதான் தொல்லை தந்தது. இப்போது காலையில் ஒழுங்காக வேலை செய்த கணினியிலிருந்து மத்தியானம் பிரிண்ட் போகாது. இணையமும் இருக்காது, பிரிண்டரும் இருக்காது. ஓஃப் செய்து ஓன் செய்தால் வரும், பிறகு இன்னொன்றில் போய்விடும். கூப்பிடும்போதெல்லாம் அவர் வந்து எல்லாவற்றையும் ஒருமுறை ஓஃப் செய்து ஓன் செய்துவிட்டு, வருகைக் கட்டணம் 2,500 ரூபா வாங்கிக்கொண்டு போவார். ஒருமுறை “வைரஸ்” என்றார். விண்டோஸ் புதிதாகப் போட்டால் சரியாகும் என்று இரண்டு கணினிகளை போர்மட் செய்தார், அதற்கு வேறு காசு. அதில் ஒன்றில் வாடிக்கையாளர்களின் ஸ்கேன் கோப்புகள் இருந்தன. எடுத்துவைத்துவிட்டுச் செய்கிறேன் என்றவர் எடுத்துவைக்கவில்லை. பிறப்புச் சான்றிதழும் பெறுபேற்றுத் தாளும் திரும்ப ஸ்கேன் செய்ய ஒரு பிள்ளை மூதூரிலிருந்து மறுபடி வரவேண்டியிருந்தது. 74,500 ரூபா போனதைவிட எனக்கு இதுதான் இன்னும் ஆறவில்லை.

கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்தது என் அக்காவின் மகள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கிறாள். விடுமுறையில் வந்தவளிடம் சொன்னேன். அவள் செய்ததைப் படிப்படியாக எழுதுகிறேன், ஏனென்றால் இதில் முக்கால்வாசி எந்தக் கடைக்காரரும் தானே செய்துபார்க்கக் கூடியது, ஒரு சதமும் செலவில்லை.

முதலில் இரண்டு கணினிகளில் கமாண்ட் புரொம்ப்ட் என்கிற, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ஐபிகொன்பிக் (ipconfig) கட்டளையை அடித்தாள். ஒன்றின் முகவரி 192.168.1.23, அதன் கேட்வே, அதாவது வெளியே போகிற வாசலான ரௌட்டரின் முகவரி, 192.168.1.1. மற்றதின் முகவரி 192.168.0.104, கேட்வே 192.168.0.1. பிரிண்டருக்கோ 192.168.1 என்று தொடங்குகிற முகவரி. “மாமா, இங்க ரெண்டு பேர் முகவரி குடுக்கினம்” என்றாள். நெட்வேர்க்கில் சேருகிற கணினிக்கு முகவரி கொடுக்கிற வேலையை டி.எச்.சி.பி. என்பார்கள். அதை ஒருவர்தான் செய்ய வேண்டும். அந்த ஆள் கொண்டுவந்த ரௌட்டரில் அந்த வசதியை நிறுத்தாமல், சாதாரணப் போர்ட்டிலிருந்து சுவிட்சுக்கு வயரைக் குத்திவிட்டிருக்கிறார். நிறுவனத்தின் ரௌட்டரும் முகவரி கொடுக்கிறது, இதுவும் கொடுக்கிறது. யார் முதலில் பதில் சொல்கிறாரோ அவர் பக்கம் கணினி போய்விடும். 192.168.0 பக்கம் போன கணினிக்கு 192.168.1 பக்கம் இருக்கிற பிரிண்டர் தெரியாது. ஐபிகொன்பிக் கட்டளையோடு ஆல் (/all) என்பதையும் சேர்த்து அடித்தபோது டி.எச்.சி.பி. சேர்வர் என்ற வரியில் இரண்டு கணினிகளுக்கும் இரண்டு வேறு முகவரிகள் வந்தன. புது ரௌட்டரின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, கணினிகளின் முகவரியைப் புதுப்பிக்கச் சொன்னாள். ஐந்தும் 1 பக்கம் வந்தன. பிரிண்ட் ஓடியது. வைரஸ் என்று போர்மட் செய்ததெல்லாம் இதற்குத்தான்.

சரி, முதன்முதலில் இருந்த பிரச்சினை? அதுவும் அப்படியே இருந்தது. உள்ளறைக் கணினியிலிருந்து 192.168.1.1 க்குத் தொடர்ந்து பிங் போடவிட்டாள். பிங் என்பது “இருக்கிறாயா” என்று கேட்டுப் பதில் வரும் நேரத்தை அளக்கிற சின்னக் கட்டளை. 1983 இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதியது, இன்று எல்லாக் கணினியிலும் இலவசமாக இருக்கிறது. பதில் ஒரு மில்லிசெக்கனுக்குள் வந்துகொண்டிருந்தது, இடையிடையே பதில் இல்லை என்று வரிகள் விழுந்தன. அவள் வயரின் முனையை விரலால் மெல்ல அசைத்தாள். உடனே வரிசையாகப் பதில் இல்லை. கையை எடுத்தாள், பதில் வந்தது.

பக்கத்துக் கடைத் தம்பியிடம் கேபிள் டெஸ்டர் வாங்கிப் போட்டோம். வயருக்குள் இருக்கிற எட்டுக் கம்பிகளுக்கும் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் ஒவ்வொன்றாக எரியவேண்டும். மூன்றாவது ஒருமுறை எரிந்தது, அடுத்த சுற்றில் எரியவில்லை. 100 எம்.பி. வேகத்தில் ஓடுகிற இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நாலு கம்பிகள் வேண்டும், அதில் ஒன்று விட்டாலும் இணைப்பு போய்விடும். வயரின் முனையில் இருக்கிற ஆர்.ஜே.45 பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பித்தளை நிறத்தில் மினுங்க வேண்டிய பற்கள் பச்சை பிடித்துப்போய் இருந்தன. உப்புக்காற்றும் மழைக்காலத்து ஈரமும் செய்த வேலை. நம்முடைய ஊரில் கடலோரமாக இருக்கிற எல்லாருக்கும் இது வரும். பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பழைய வயரிலேயே புதிதாக ஒன்று அடித்தாள். ஒரு பிளக் சில பத்து ரூபா. அதோடு சரி, இன்றுவரை அந்தக் கணினி நிற்கவில்லை.

பழைய வயரிலேயே என்றேன், கவனித்தீர்களா? அறுபது மீற்றர் புது கேபிள் என்று காசு வாங்கியவர், அலுமாரிக்குப் பின்னால் போகிற இந்த வயரை மாற்றவே இல்லை. கண்ணுக்குத் தெரிகிற முன்பக்கத்து இரண்டு வயரைத்தான் மாற்றியிருக்கிறார். எத்தனை மீற்றர் போட்டார் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை, கேபிளே சொல்லும். பெட்டியில் வருகிற நெட்வேர்க் கேபிளின் மேலுறையில் நீளம் இலக்கமாக அச்சடித்திருக்கும். ஒரு முனையில் உள்ள இலக்கத்தை மறுமுனையில் உள்ளதிலிருந்து கழித்தால் நீளம் வந்துவிடும். சில கேபிளில் அது அடிக்கணக்காக இருக்கும், பக்கத்தில் இருக்கிற அளவுக் குறியையும் பாருங்கள். எனக்குப் போட்டதில் ஒரு துண்டு 212 இல் தொடங்கி 219 இல் முடிகிறது, மற்றது அங்கிருந்து 226 வரை. மொத்தம் பதினாலு மீற்றர்.

அந்தப் பதினாலு மீற்றரும் செப்பு இல்லை. உள்ளே இருக்கிற கம்பியை பிளேட்டால் சுரண்டினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செப்பு முலாம் பூசிய அலுமினியம். கெட் 5ஈ (Cat 5e) என்கிற நெட்வேர்க் கேபிள் தரத்துக்கு முழுச் செப்புக் கம்பி இருக்கவேண்டும். இந்த அலுமினியக் கம்பி வளைத்தால் சீக்கிரம் முறிகிறது, மின்தடையும் கூட. கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கிற சிசிடிவி கமராக்களுக்கு இதைப் போடுகிறவர்கள் மிகக் கவனமாக இருங்கள், சூடேறும்.

ரௌட்டர் பற்றியும் சொல்லவேண்டும். புதிது என்று விற்றதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், விருந்தினர் வைஃபை என்ற இடத்தில் வேறொரு விடுதியின் பெயர் கிடக்கிறது. அங்கேயும் “மின்னல் அடிச்சிட்டுது” என்று கழற்றியதுதான் என்று நான் நம்புகிறேன். என்னிடமிருந்து கொண்டுபோன சுவிட்ச் இப்போது எந்தக் கடையில் புதிதாக உட்கார்ந்திருக்கிறதோ.

அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “அண்ணா, நீங்க ஏன் ரௌட்டரைக் கழட்டினீங்க, அதாலதான் பிரச்சினை” என்றார். கேபிளின் இலக்கங்களை வாசித்துக் காட்டியதும் குரல் மாறியது. அடுத்த வேலையில் கழித்துவிடுகிறேன் என்றார். அடுத்த வேலை எதுவும் இல்லை, காசைத் தாருங்கள், பழைய சுவிட்சைத் தாருங்கள் என்றேன். அதன்பிறகு என் இலக்கத்துக்குப் பதில் இல்லை. அனுப்பிய கடைக்காரரோ “அவர் எங்கட ஆள் இல்லை, தெரிஞ்ச பெடியன்” என்று கைகழுவிவிட்டார்.

ஆகவே ஆள் கூப்பிட முன் இதைப் பாருங்கள். ஃபைபர் ரௌட்டரில் லொஸ் (LOS) என்ற சிவப்பு விளக்கு மினுங்கினால் பிழை பெரும்பாலும் நிறுவனத்தின் ஃபைபர் இழையில். நிறுவனத்துக்கு அழையுங்கள், உள்ளூர் ஆளுக்கு அதில் வேலையே இல்லை. கைபேசியில் வைஃபை நன்றாக வந்து ஒரு கணினி மட்டும் தொல்லை தந்தால் ரௌட்டரை மாற்ற விடாதீர்கள். வயர், பிளக், போர்ட் என்று அந்தப் பக்கம்தான் தேட வேண்டும். வேலை செய்கிற கணினியின் வயரை மற்றதில் குத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. முகவரி 169.254 என்று தொடங்கினால் அந்தக் கணினிக்கு யாருமே முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். இணையத்தில் உள்ள கூகிளின் முகவரியான 8.8.8.8 க்குப் பிங் போகிறது, ஆனால் தளங்கள் பெயரால் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் தளத்தின் பெயரை முகவரியாக மாற்றுகிற டி.என்.எஸ். அமைப்பில்தான் கோளாறு, அதை மாற்றக் காசு எதற்கு?

வந்த ஆள் எதை மாற்றச் சொன்னாலும், எந்தச் சோதனையில் இது பிழை என்று தெரிந்தது, எனக்குக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். அப்படிப்பட்ட நல்ல பெடியன்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள், அவர்களுடைய பிழைப்பையும் இந்த ஆட்கள்தான் கெடுக்கிறார்கள். கழற்றிய சாமானை வெளியே விடாதீர்கள். பில்லில் சாமானின் பெயர், மாடல், சீரியல் இலக்கம், கேபிளின் நீளம் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். என்னிடம் அந்த ஒற்றை வரிப் பில் இருந்ததால் முறைப்பாடு செய்ய முடிந்தது, ஆனால் அதில் விவரம் இல்லாததால் ஒவ்வொன்றையும் புகைப்படம் எடுத்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குக் கொடுக்கலாம். அவர்களின் துரித இலக்கம் 1977. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, சாமான் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் அந்தக் காலம் கடக்க முன் பில்லைத் தேடி எடுங்கள்.