‘திருப்பித் தரப்படும்’ கட்டணங்கள்: இணையத்தில் ராக்டால் பூனைக்குட்டி வாங்க நினைப்போருக்கு ஓர் எச்சரிக்கை

இணையத்தில் வம்சாவளிச் சான்றுள்ள பூனைக்குட்டி விற்பதாகச் சொல்லி நடக்கும் மோசடியில், குட்டியின் விலை என்று நாம் கொடுப்பது பெரும்பாலும் தொடக்கம்தான். எங்கள் குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்ட தொகையில் அந்த விலை ஒரு சிறு பங்கு. மிச்சமெல்லாம், வந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட குட்டியை வழியில் காப்பாற்றுவதற்கு என்று கேட்டு வாங்கப்பட்டது. விற்பனைக் கட்டத்தில் ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பலரும் எழுதுகிறார்கள். பணம் கொடுத்த பிறகு தொடங்கும் இந்த இரண்டாம் கட்டத்தைப் பற்றி யாரும் விரிவாகப் பேசுவதில்லை என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நாங்கள் தேடியது ராக்டால் குட்டி. விளம்பரத்தில் கேட்கப்பட்ட விலை அடிமாட்டு விலை அல்ல. மற்ற வளர்ப்பாளர்கள் சொன்னதைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான். ‘நம்ப முடியாத மலிவு என்றால் சந்தேகப்படு’ என்னும் அறிவுரை, தொழில் கற்ற மோசடிக்காரரிடம் பலிக்காது. விற்றவர் அவசரப்படுத்தவும் இல்லை. வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்களா, வேறு பிராணிகள் உண்டா, சன்னல்களுக்கு வலை அடித்திருக்கிறீர்களா, பகலில் குட்டியுடன் யார் இருப்பார்கள் என்று அவரே எங்களை விசாரித்தார். நல்ல வளர்ப்பாளர்கள் இப்படித்தான் கேட்பார்கள் என்று படித்திருந்தோம். நாங்கள் படித்ததை அவர்களும் படித்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். நேரலையில் குட்டியைக் காட்டச் சொன்னபோது மட்டும், கைப்பேசியின் கேமரா பழுது என்று முன்பே பதிவு செய்த காணொளிகள் அடுத்தடுத்து வந்தன; அவற்றில் குட்டி இருந்தது, பேசியவரின் முகமோ குரலோ இல்லை.

முழு விலையையும் வங்கி வழியாக அனுப்பிய மறுநாள், ஒரு பிராணிப் போக்குவரத்து நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வந்தது. அதில் ஒரு கண்காணிப்பு எண், அந்த எண்ணை இட்டால் திறக்கும் ஒரு பக்கம், அதில் ஓர் உலக வரைபடம், வரைபடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஓர் இடைநிலை விமான நிலையத்தில் நின்றதும் முதல் கடிதம் வந்தது: கூண்டு விதிமுறைக்கு ஏற்றதாக இல்லை, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கூண்டுக்கு மாற்ற வேண்டும், அதற்கான தொகை ஒப்படைப்பின்போது முழுமையாகத் திருப்பித் தரப்படும். கட்டினோம். அடுத்து காப்பீடு, அதுவும் திருப்பித் தரப்படும். அதற்கடுத்து தனிமைப்படுத்தல் அனுமதி. ஒவ்வொரு தொகையும் முந்தையதைவிடப் பெரியது. இனி கொடுப்பதற்கில்லை, குட்டியை விற்றவருக்கே திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியபோது நடை மாறியது. ‘குட்டி நேற்று மாலை முதல் உணவின்றிக் கூண்டில் இருக்கிறது. பிராணியைக் கைவிட்ட குற்றத்துக்காக உங்கள் மீது வழக்குப் பதிவாகும்’ என்று முத்திரையுடன் ஓர் அறிவிப்பு வந்தது. நாங்கள் அத்துடன் நிறுத்திக்கொண்டோம். அந்த அறிவிப்பைப் பார்த்து இன்னும் ஒரு முறை பணம் அனுப்பியவர்கள் இருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த முறையின் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ‘திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு சொல், செலவை வைப்புத்தொகை போல ஆக்கிவிடுகிறது. நாளை மறுநாள் கைக்கு வரப்போகிற பணம்தானே என்று மனம் கணக்குப் போடுகிறது. இரண்டாவது தொகையைக் கட்டாவிட்டால் முதல் தொகையும் போய்விடும் என்பதால், ஒவ்வொரு கட்டணமும் தனக்கு முந்தைய கட்டணத்துக்குக் காவலாக நிற்கிறது. இத்தனைக்கும் மேலே, பட்டினி கிடக்கும் ஓர் உயிரை வைத்து மிரட்டுகிறார்கள். பிணையாக வைக்கப்பட்டிருப்பது பிறக்கவே இல்லாத ஒரு குட்டி என்பது பணம் கட்டுகிறவருக்குத் தெரியாது.

உண்மையான விமானப் போக்குவரத்து இப்படி நடப்பதே இல்லை. உயிருள்ள பிராணிகளைக் கொண்டுசெல்வதற்கு ஐ.ஏ.டி.ஏ. எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிமுறைகள் இருக்கின்றன. பூனை நேராக நிற்கவும், திரும்பவும், இயல்பாகப் படுக்கவும் இடமுள்ள கூண்டு வேண்டும் என்பது அவற்றில் அடிப்படையானது. கூண்டு சரியாக இல்லையென்றால் புறப்படும் இடத்திலேயே ஏற்க மறுப்பார்கள். பாதி வழியில் நிறுத்தி, வாங்குபவருக்குச் செய்தி அனுப்பிக் கூண்டுக்குக் காசு கேட்க மாட்டார்கள். சரக்காக அனுப்பப்படும் எந்தப் பிராணிக்கும் விமானச் சரக்குச் சீட்டு எண் ஒன்று உண்டு. அது 11 இலக்கங்கள் கொண்டது. முதல் 3 இலக்கங்கள் எந்த விமான நிறுவனம் என்பதைக் காட்டும். அந்த எண்ணை அந்த விமான நிறுவனத்தின் சரக்குப் பக்கத்திலேயே போட்டுப் பார்க்கலாம். எங்களுக்கு வந்ததோ எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. அவர்கள் கொடுத்த பக்கத்தைத் தவிர வேறெங்கும் அது செல்லுபடியாகவில்லை. எனவே சரக்குச் சீட்டு எண்ணைக் கேளுங்கள், விமான நிறுவனத்தின் தொலைபேசி எண்ணை நீங்களே தேடி எடுத்து அவர்களிடம் விசாரியுங்கள். இந்த ஒரு வேலையே இரண்டாம் கட்டத்தை முழுவதுமாக உடைத்துவிடும்.

பின்னர் ஆவணங்களை எங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டினோம். அச்சும் முத்திரையும் பார்வைக்கு நேர்த்தியாகவே இருந்தன. அவர் தடுப்பூசி அட்டையைப் பார்த்த உடனேயே, குட்டிக்கு 7 வார வயதில் ரேபீஸ் தடுப்பூசி போட்டதாக இருந்த வரியின் மேல் விரலை வைத்தார். பூனைக்காய்ச்சல் உள்ளிட்ட அடிப்படை நோய்களுக்கான ஊசிகளைத்தான் 6 முதல் 8 வாரங்களில் தொடங்கி, சில வார இடைவெளியில் மீண்டும் போடுவார்கள்; ரேபீஸ் ஊசி வழக்கமாக 12 வாரத்துக்கு முன்பு போடப்படுவதில்லை. இதிலிருந்து வாங்குபவருக்குப் பயன்படும் ஒரு கணக்கு பிறக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பயண விதிகளில் ரேபீஸ் ஊசிக்குக் குறைந்தபட்ச வயது 12 வாரம், ஊசி போட்டபின் 21 நாள் காத்திருப்பு. ஆக, 15 வாரத்துக்கு முன்பு குட்டி சாதாரணமாக எல்லை கடக்க இயலாது. இதுபோல் ரேபீஸ் ஊசியைக் கட்டாயமாக்கியுள்ள வேறு நாடுகளும் உண்டு. ஆகவே, 8 வாரக் குட்டியை அடுத்த வாரமே வெளிநாட்டிலிருந்து விமானத்தில் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொன்னால், சேரும் நாட்டின் விதியை முதலில் பாருங்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சட்டப்படி நடக்கவே முடியாததாக இருக்கும்.

அடையாளத்துக்காகப் பூனையின் தோலுக்கடியில் வைக்கப்படும் மைக்ரோசிப்பின் எண்ணும் அப்படியே. ஐ.எஸ்.ஓ. என்னும் சர்வதேசத் தரத்திலான எண்ணுக்கு 15 இலக்கங்கள். எங்களுக்கு அனுப்பப்பட்டதில் 12 தான் இருந்தன. ‘பிறந்த அன்று எடுத்தது’ என்று வந்த புகைப்படத்தில் இருந்த தவறோ இன்னும் சுவையானது. நீலக்கண் கொண்ட வழக்கமான ராக்டால் குட்டிகள் ஏறக்குறைய முழு வெள்ளையாகப் பிறக்கும். காது, மூக்கு, வால், பாதங்களில் நிறம் பிறகுதான் மெல்ல ஏறும். அந்தப் படத்திலோ குட்டியின் முகத்தில் கரும்பழுப்பு முகமூடி அப்பட்டமாகத் தெரிந்தது. படத்தைத் திருடியவருக்கு ராக்டாலைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. வாங்கப்போகும் இனத்தைப் பற்றி, அது பிறப்பதிலிருந்து வளர்வது வரை, விற்பவரைவிட அதிகமாகத் தெரிந்து வைத்திருப்பது வெட்டி வேலை அல்ல.

வம்சாவளிச் சான்றிதழ் விஷயத்தில் பலரும் காகிதத்தைப் பார்க்கிறார்கள், பதிவேட்டைப் பார்ப்பதில்லை. 1906இல் தொடங்கிய சி.எஃப்.ஏ., 1910இல் தொடங்கிய ஜி.சி.சி.எஃப்., 1949இல் உருவான ஃபிஃபே கூட்டமைப்பு, 1979இல் உருவான டி.ஐ.சி.ஏ. ஆகியவை பூனை இனங்களுக்கான பெயர்பெற்ற பதிவு அமைப்புகள். இவற்றின் சின்னத்தைச் சான்றிதழில் ஒட்டுவதற்கு எந்தத் திறமையும் தேவையில்லை. வளர்ப்பகத்தின் பதிவுப் பெயரையும், தாய், தந்தைப் பூனைகளின் பதிவு எண்களையும் எழுதி வாங்கி, அந்த அமைப்புக்கோ அதன் உறுப்புச் சங்கத்துக்கோ நேராக எழுதிக் கேட்க வேண்டும். விற்பவர் தரும் தொடர்பு முகவரியில் கேட்டால் விற்பவரேதான் பதில் எழுதுவார். ராக்டால், மெய்ன் கூன் இனங்களில் இதயத் தசை தடிக்கும் நோய்க்கும், பெர்சியன் இனத்தில் சிறுநீரகக் கட்டி நோய்க்கும் மரபணுச் சோதனைகள் இருக்கின்றன. பொறுப்பான வளர்ப்பாளர் இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பூனைகளுக்கு இவற்றைச் செய்திருப்பார். ஆய்வகத்தின் பெயரையும் அறிக்கை எண்ணையும் கேட்டால் தயங்க மாட்டார். எங்கள் விற்பனையாளரிடம் கேட்டிருந்தபோது, ‘என் பூனைகள் எல்லாமே ஆரோக்கியமானவை’ என்று மட்டும் பதில் வந்தது.

நேரில் போய்க் குட்டியைத் தாயுடன் பார்ப்பதற்கு ஈடு எதுவுமில்லை. இனப்பூனைகளை வளர்ப்பவர்கள் பொதுவாக 12 வாரமாவது தாயிடமே விட்டுவைப்பார்கள் என்பதால், பார்த்து முடிவெடுக்க நேரம் தாராளமாக இருக்கிறது. தொலைவு காரணமாக முடியவில்லையென்றால் நேரலைக் காணொளி அழைப்பு வேண்டும். அதிலும் சும்மா குட்டியைக் காட்டச் சொல்லக் கூடாது. அழைப்பின் நடுவே, ஒரு தாளில் உங்கள் பெயரை எழுதிக் குட்டியின் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், தாய்ப் பூனை இருக்கும் இடத்துக்குக் கேமராவைக் கொண்டுபோகச் சொல்லுங்கள், மைக்ரோசிப் கருவியை வைத்து எண்ணைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். செயற்கை நுண்ணறிவால் படமும் காணொளியும் செய்துவிடக்கூடிய இந்த நாளில், முன்கூட்டித் தயாரிக்க முடியாத ஒன்றைக் கேட்பதுதான் சோதனை. கேமரா பழுது என்றால், பழுது சரியாகும் வரை பணமும் காத்திருக்கட்டும்.

இணையத்தில் செய்யக்கூடிய சோதனைகளை விரைவாகவே முடித்துவிடலாம். விளம்பரப் படங்களைப் படத் தேடலில் இட்டுப் பாருங்கள். எங்கள் குட்டியின் படம் வேறொரு நாட்டிலுள்ள உண்மையான வளர்ப்பாளரின் பக்கத்தில், அடியில் அவருடைய பெயருடன் இருந்தது. எங்களுக்கு வந்ததில் அந்த அடிப்பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. தளத்தின் முகவரி எப்போது பதிவானது என்பதை ஹூயிஸ் தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். இருபதாண்டு அனுபவம் என்று எழுதிக்கொண்ட போக்குவரத்து நிறுவனத்தின் தளம், எங்கள் விளம்பரத்துக்குச் சற்று முன்புதான் பதிவாகியிருந்தது. அதன் ‘எங்களைப் பற்றி’ பக்கத்திலிருந்து ஒரு வாக்கியத்தை மேற்கோள் குறிகளுக்குள் இட்டுத் தேடினால், அதே வாக்கியம் வெவ்வேறு நிறுவனப் பெயர்களுடன் வரிசையாக வந்து நின்றது. வாடிக்கையாளர் பாராட்டுகளை நான் பொருட்படுத்துவதே இல்லை. அவற்றை எழுதுவதற்குக் காசுகூடச் செலவாகாது.

பணம் எந்த வழியில் கேட்கப்படுகிறது என்பது முக்கியம். பரிசு அட்டை, கிரிப்டோ நாணயம், பணப் பரிமாற்றச் சேவை ஆகியவற்றைக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். வங்கிப் பரிமாற்றமும் போனால் திரும்புவது கடினம். கடன் அட்டையில் செலுத்தினால், பொருள் வராதபோது வங்கியிடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பக் கோர ஒரு வழியாவது இருக்கும். முன்பணத்துக்கு முன், எந்தக் குட்டி, எந்தத் தேதி, எந்த நிலையில் பணம் திரும்பும் என்று எழுதிய ஒப்பந்தமும் வேண்டும்.

ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் முதலில் வங்கியை அழையுங்கள். அதில் மணிக்கணக்கு முக்கியம். உரையாடல், மின்னஞ்சல், கணக்கு எண், தள முகவரி எல்லாவற்றையும் அழிக்காமல் சேமித்துக்கொண்டு இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். விற்பவரிடம் கோபத்தைக் காட்டி எழுதாதீர்கள். ஆதாரம் திரட்டுவதற்குள் கணக்கை மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ‘விமானச் சீட்டுக்காக’ என்று அடையாள அட்டையின் நகலை வாங்கியிருந்தால், அதை வைத்துக் கணக்கு தொடங்கவோ கடன் வாங்கவோ வாய்ப்புண்டு என்பதையும் வங்கியிடமும் புகாரிலும் தெரிவியுங்கள். படத்துக்கு உரிய வளர்ப்பாளருக்கும் ஒரு வரி எழுதுங்கள், அவர் தம் பக்கத்தில் எச்சரிக்கை போட முடியும்.

அதன் பிறகு மூன்றாவதாக ஒருவர் வருவார். எங்களுக்கும் வந்தார். இழந்த பணத்தை மீட்டுத் தரும் சட்ட நிறுவனம் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு, வங்கியையும் காவல்துறையையும் தவிர நாங்கள் யாரிடமும் சொல்லாத தொகையைக்கூடச் சரியாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் மட்டும் முன்னதாகச் செலுத்தச் சொன்னார். அந்தத் தொகை தெரிந்தவர்கள் நாங்களும் வங்கியும் காவல்துறையும் தவிர, ஏமாற்றியவர்கள் மட்டுமே. அந்தக் கட்டணமும் திருப்பித் தரப்படும் என்றுதான் எழுதியிருந்தார்.